பனமலை ஏரிக்கரையில் ஒரு எஸ்.எம்.எஸ்.

திண்டிவனத்திலேயே தைரியசாலி நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தத் தைரியம் பனமலை ஏரிக்கரையில் காணாமல் போனது.

நண்பரின் நிலத்தைப் பார்க்கப் போயிருந்தபோது மைத்துனர் போன் செய்தார். "அக்கா மயங்கி விழுந்துட்டாங்க மாமா. விழுப்புரம் ஆஸ்பத்திரியில இருக்கோம். அவங்களுக்கு எந்த ஊசி ஆகாதுன்னு டாக்டர் கேக்குறாரு..." சிக்னல் போய்விட்டது.

மனைவிக்கு ஆகாத மருந்தின் பெயர் எழுதிய சீட்டைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். அனுப்பினால் வட்டம்தான் சுற்றியது. மோட்டார் கொட்டகை மேல் ஏறி, போனை உயர்த்தி, டவருக்கே கேட்கும்படி "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

ஏரியில் நூறு நாள் வேலை. ஆட்களைப் படமெடுத்து வருகைப்பதிவு ஏற்றும் பெண் ஓடிவந்தார்.

"எறங்குங்கண்ணே! விழுந்தா உங்களையும் தூக்கிக்கினு போவணும்."

இறங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"படம் கனம்ணே, போவாது. பேரை மட்டும் எஸ்.எம்.எஸ்ல அடிங்க. அதுக்கு இம்மாத்தூண்டு சிக்னல் போதும். தெனமும் இதோட மாரடிக்கிறவ நான்."

நான் அடித்ததெல்லாம் தப்புத் தப்பாக வந்தது. அவரே எழுத்தெழுத்தாக அடித்து, சீட்டின் படத்தோடு இருமுறை ஒப்பிட்டு, மதகருகே போய் அசையாமல் நின்றார். செய்தி போனது. "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன் மாமா" என்று பதிலும் வந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுவறதை பஸ்ல அழுதுக்கலாம். ஜல்தி கெளம்புங்கண்ணே!"

மனைவி நலமாக இருக்கிறார். அன்றைய என் கூத்தை நானே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன். அந்தப் பெண் நிதானமாக எழுத்தடித்த இடம் வந்தால் மட்டும் எனக்கு நடிக்க வருவதில்லை.