குட்டை ஸ்பிரிங்கும் கொடுக்காத மாப்பும்

மொக்சீன் சாலி எதையும் மறக்காத மனுஷன். நல்லது நாலு மறந்திருப்பான், கெட்டது ஒன்றும் மறந்ததில்லை. கேப் டவுன் சால்ட் ரிவர் துணி ஆலையில் இருபத்தாறு வருஷம் வெட்டு மேஜையில் நின்றவன். நாற்பது அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் நூல் பிசகாமல் வெட்டுவான். ஒரு தடவை மேஸ்திரி ‘கொஞ்சம் கோணல்’ என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் கழித்து அந்த மேஸ்திரி ஓய்வு பெற்ற விருந்தில் எல்லாரும் கேக் தின்றார்கள், இவன் மட்டும் தட்டைத் தொடவில்லை.

வாப்பா சுவர் பூசுகிற கொத்தனார். உம்மா ஸ்ட்ராண்ட் கடற்கரை மீன்காரக் குடும்பம். மூத்தவள் ருகாயா, அடுத்தவன் கசன்ட். அப்புறம் ஒன்பது வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, கடைசியில் பிறந்தவன் மொக்சீன். உம்மாவுக்கு உடம்பு தேறாததால் ருகாயாதான் ஒக்கலில் தூக்கி வளர்த்தாள். அந்தத் தம்பிதான் அக்காவிடம் ஆறு வருஷமாக ‘ம்’, ‘ம்ஹும்’ தவிர வேறு பேசாமல் இருந்தான். அண்ணன் கசன்டிடம் அதுவும் இல்லை.

காரணம் வாப்பாவின் மையத்து. வாப்பா மவுத்தான ஞாயிற்றுக்கிழமை மொக்சீன் கார் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். அங்கே எஞ்சின் இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. வீட்டில் கூடியவர்கள் கேட்டார்கள், சின்ன மகனுக்காகக் காத்திருக்கலாமா என்று. ருகாயா சொன்னாள், ‘வேண்டாம், குளிப்பாட்டுங்க. அசர் தொழுகைக்கு முன்னாடி அடக்கணும்.’ கசன்ட் குளிப்பாட்டினான். மொக்சீன் வந்து சேர்ந்தபோது ஆட்கள் கையில் ஒட்டிய கபர் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றவரின் உடம்பில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றக் கொடுத்து வைக்கவில்லை. அதை அவன் பந்தயத்தின் கணக்கில் எழுதவில்லை, அக்கா கணக்கில் எழுதிக்கொண்டான்.

அப்படியிருக்க, ருகாயாவுக்கு ஹஜ்ஜுக்குப் பேர் வந்தது. நம்ம கேப் டவுன் வழக்கப்படி, ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஒரு வீடு விடாமல் சொந்தத்தைப் பார்த்து மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். கடன்பட்ட பாரம், மனசு நோக வைத்த பாரம் எதையும் தூக்கிக்கொண்டு மக்காவில் அல்லாவின் வீட்டு முன்னால் போய் நிற்கக்கூடாது. ருகாயா முதலில் வந்ததே மொக்சீன் வீட்டுக்குத்தான். அவன் பெண்டாட்டி ஃபால்டீலா தேநீர் வைத்தாள்.

“தம்பி, உன் மனசு நோகும்படி ஏதாவது செஞ்சிருந்தா மாப்புக் குடு” என்றாள் ருகாயா.

“ஏதாவதா?”

“சரி. வாப்பா விஷயம்.”

அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான், “சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் என் வண்டியில வரணும். விமான நிலையத்துக்கும் என் வண்டிதான், ஊர்வலத்துல முதல் வண்டி. அன்னைக்கு அங்க வச்சுக் குடுக்கிறேன்.”

ஃபால்டீலாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “அல்லாவுக்காகக் குடுக்கிறதுக்கு டிக்கெட்டு கேக்குறீங்களே.”

“உன்கிட்ட யாரு கேட்டா?”

ருகாயா அறுபத்திரண்டு வயசுக்காரி, ஆறு பேரை மண்ணில் அடக்கியவள். “சரி, உன் வண்டியிலேயே வர்றேன்” என்றாள்.

அண்ணன் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவதற்கு மொக்சீனுக்குக் கிடைத்த நாள் அது. ஊர்வலம் என்றால், ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்ப விமான நிலையம் வரை பதினாலு, பதினைந்து வண்டி. முதல் வண்டியில் அக்கா, ஓட்டுகிறவன் இவன், பின்னால் எங்கேயோ கசன்ட். வண்டி அதற்குத் தக்கபடி இருக்க வேண்டாமா? அவனுடையது வெள்ளைக் கோல்ஃப் கார், பதினாறு வயசு. இந்தப் பக்கம் கோல்ஃப் என்றால் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையக்கூடாது. இல்லாவிட்டால் பொடியன்கள்கூட ‘தாத்தா வண்டி’ என்பார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்த புதுக் குட்டை ஸ்பிரிங் நாலு வாங்கி வந்தான். ஆத்லோனில் ஸ்பிரிங்கும் ‘ஷாக்’ என்கிற அதிர்வுதாங்கியும் போடுகிற ஒர்க்‌ஷாப் கசன்டுடையது. அங்கே போக முடியுமா? வீட்டு முற்றத்திலேயே ஜாக்கி வைத்துக் கழற்றினான்.

கழற்றும்போதே தெரிந்தது. ஷாக் நாலும் வண்டி பிறந்தபோது வந்தவை. பின்னால் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. கையால் அமுக்கினால் உள்ளே போகும், திரும்பி வர மனசில்லாமல் கிடக்கும்.

“ஈரமா இருக்கே” என்றாள் ஃபால்டீலா.

அவன் துணியால் துடைத்தான். “இப்ப?”

ஆனாலும் அடுத்த வாரம் ஷாக்கையும் மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். அதைக் கெடுத்தது வெள்ளிக்கிழமை.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பள்ளிச் சுவரோரம் வண்டி பூமியைக் கொஞ்சிக்கொண்டு நின்றது. இளவட்டங்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். கசன்ட் வந்தான். தம்பியைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஒரே அமுக்கு அமுக்கிவிட்டு எடுத்தான். வண்டி எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. ஐந்து தடவை ஆடிய பிறகுதான் நின்றது.

“மோதினாரே,” என்று பாங்கு சொல்லும் பெரியவரைக் கூப்பிட்டான் கசன்ட், “இந்த வண்டிக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஸ்பிரிங்கு தூக்கிப் போடும், ஷாக்குதான் பிடிச்சு நிறுத்தும். புது ஸ்பிரிங்கு முரடு. கிழட்டு ஷாக்குக்கு அதைப் பிடிக்கத் தெம்பில்ல. வண்டியத் தாழ்த்துனதுல அது பாதி உள்ள அமுங்கியே கிடக்கு, ஏறி இறங்க இடமும் இல்ல. பாலத்துல ஒரு குதி குதிச்சா சக்கரம் ரோட்டுல இருக்காதுன்னு சொல்லுங்க.”

“அவருதான் இங்கயே நிக்கிறாரே” என்றார் மோதினார்.

“தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.”

மொக்சீனும் மோதினாரிடமே திரும்பினான். “மையத்துக்குக் கஃபன் துணி விக்கிறவன் எல்லார் மூஞ்சியிலயும் மவுத்தைத்தான் பார்ப்பான். ஷாக்கு விக்கிறவனுக்கு ஊர்ல உள்ள ஷாக்கெல்லாம் செத்ததுதான். சொல்லிடுங்க.”

இளவட்டங்கள் சிரித்தார்கள். மொக்சீன் ஜெயித்துவிட்டான். ஆனால் ஷாக் மாற்றுகிற யோசனை அந்த நிமிஷமே செத்தது. வேறு எவன் சொல்லியிருந்தாலும் திங்கட்கிழமை மாற்றியிருப்பான். கசன்ட் சொன்ன பிறகு மாற்றினால், கசன்ட் சொல்லி மாற்றியதாக ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டார்கள். முன்னால் ருகாயா, பின்னால் ஃபால்டீலா. முன்னே எல்லாரும் ஒன்றாக இருந்த ஆறாம் வட்டாரத்தை வெள்ளைக்காரன் இடித்துச் சனத்தை விரட்டியதிலிருந்து சொந்தம் ஒரு தெருவில் இல்லை. போன்டஹூவல் ஒருத்தர், ஹானோவர் பார்க் ஒருத்தர், மிட்செல்ஸ் பிளெய்ன் நாலு பேர். தெருவுக்கு மூன்று ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு தேய்ந்தது. ஏறி இறங்கிய பிறகும் வண்டி தலையாட்டிக்கொண்டே போனது. ருகாயாவின் தஸ்பீஹ் மணி விரலில் நிற்கவில்லை. மிட்செல்ஸ் பிளெய்னில் ஒரு பள்ளத்தில் அவள் தலை கூரையில் இடித்தது.

“இது காரா ஒட்டகமா?”

“போற ஊர்ல ஒட்டகம்தானே, பழகிக்க.”

“அந்த ஒட்டகத்துக்கு நாலு காலும் தரையில இருக்கும்டா.”

போன வீடெல்லாம் தேநீரும் தேங்காய்ப்பூ தூவிய கூசிஸ்டர் பணியாரமும். எல்லாரிடமும் கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய அலுமினியச் சட்டியைத் திருப்பிக் கொடுக்காததற்குக்கூட ஒரு கிழவியிடம் மாப்புக் கேட்டாள். “எந்தச் சட்டி? எல்லாம் மாப்புத்தான், போய்ட்டு வா” என்றாள் கிழவி. அந்த வார்த்தை இத்தனை மலிவாக ஊரெல்லாம் கிடைக்கிறதே என்று மொக்சீனுக்கு எரிச்சல். தன் கையில் இருப்பது மட்டும்தான் விலையுள்ளது என்று ஒரு சந்தோஷமும் உண்டு.

கடைசி வீடு ஸ்ட்ராண்ட். வாப்பாவின் தங்கை கைரோனீசா மாமி, எண்பத்தெட்டு வயசு, பகல் தொழுகைக்குள் வரச் சொல்லியிருந்தாள். நெடுஞ்சாலையில் தென்கிழக்குக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் போனான்.

“மெதுவாப் போங்க” என்றாள் ஃபால்டீலா.

“அவன் மாதிரி நீயும் பயம் காட்டுறியா?”

மக்காஸர் தாண்டி ஒரு பாலம். பாலத்தின் முதல் இணைப்பில் வண்டி குதித்தது. குதித்தது அடங்குவதற்குள் அடுத்த இணைப்பு வந்தது. பின்சக்கரம் மேலே இருக்கும்போதே காற்று அடித்தது. பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவ, அவன் மறுபக்கம் ஒடிக்க, பாலம் முடிந்த இடத்தில் வண்டி சரளைக்கல்லில் இறங்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கம்பி வேலியில் முதுகைச் சாய்த்து நின்றது.

ஃபால்டீலா ‘லாயிலாஹ’ என்று ஆரம்பித்து அழுதாள். ருகாயாவின் உதடு கிழிந்து ரத்தம். அவள் முதலில் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு உதட்டைத் துடைத்தாள். கீழே இறங்கி, நடக்க முடிகிறதா என்று பத்து எட்டு நடந்து பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

மொக்சீன் வண்டிக்கடியில் குனிந்திருந்தான். பின் ஷாக்கின் கம்பி மேல்முனையில் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “யாருக்கு அடிக்கிற?”

“கசன்டுக்கு.”

“அவன் இங்க வந்தான்னா கியாமத்து நாள் வரைக்கும் உனக்கு மாப்புக் கிடையாது. சொல்லிட்டேன்.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்தாள். “மக்காஸர் பாலம் தாண்டி. ஆமா, அவன் வண்டிதான். இல்ல, உயிரோடதான் இருக்கோம்.”

நாற்பது நிமிஷம் காற்றில் நின்றார்கள். கசன்டின் பிக்கப் வந்தது. இறங்கினான், வேலியில் சாய்ந்த வண்டியைப் பார்த்தான், நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தான். அக்காவின் உதட்டைப் பார்த்தபோதுதான் முகம் மாறியது.

“ஃபால்டீலா,” என்றான், “முன்னாடி மூணு பேரு உக்காரலாம். உன் புருஷன் வேணும்னா பின்தட்டுல ஏறட்டும். அங்க பழைய ஷாக்கு கொஞ்சம் கிடக்கு, பேச்சுத் துணைக்கு ஆகும்.”

“செத்தாலும் அதுல ஏற மாட்டேன்னு சொல்லு” என்றான் மொக்சீன்.

“சாகத்தான் பாத்தாரே” என்று கசன்டிடம் சொன்னாள் ஃபால்டீலா. புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் போய் ஏறினாள்.

ருகாயா மட்டும் தம்பி முன்னால் வந்து நின்றாள். மறுபடி மாப்புக் கேட்கப் போகிறாள் என்று அவன் தயாரானான். மறுப்பதற்கு வார்த்தைகூட அடுக்கி வைத்திருந்தான்.

“கேளு. அன்னைக்கு உனக்காகக் காத்திருக்காததுக்கு நான் மாப்புக் கேக்கல. மறுபடியும் அதே நாள் வந்தாலும் காத்திருக்க மாட்டேன். மையத்தைக் கிடத்தி வச்சுக்கிட்டு ரேஸ் முடியட்டும்னு உக்கார முடியாது. உன் மனசு நொந்ததுக்குத்தான் கேட்டேன். இன்னைக்கு மூணு உசிரு போயிருக்கும், அண்ணன் சொன்னான்ங்கிற ஒரே காரணத்துக்காக நீ ஷாக்கை மாத்தாம விட்டதுல. மாமி காத்துக்கிட்டிருக்கா. உன்கிட்ட இருக்கிறதை நீயே வச்சுக்க. நான் கேட்டுட்டேன், என் பொறுப்பு முடிஞ்சுது.”

திரும்பி நடந்தாள். அவள் கேட்டுக்கொண்டே இருக்கும் வரைதான் அது அவன் கையில் இருந்தது. கேட்பதை நிறுத்திவிட்டால், கையில் வெறும் காற்று. பிக்கப்பின் படியில் அவள் கால் வைத்தாள்.

“மாப்பு” என்றான். குரல் சண்டைக்கு இழுக்கிற மாதிரித்தான் வந்தது. “எடுத்துக்கிட்டுப் போ.”

அவள் திரும்பவில்லை. “எலும்பு வீசுற மாதிரி வீசுற. பரவால்ல, பொறுக்கிக்கிட்டேன்” என்றாள். கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை ஊர்வலத்தில் பதினாலு வண்டி போயிற்று. முதல் வண்டி கசன்டுடையது. மொக்சீன் வாடகை வேனில் முன்பின் தெரியாதவர்களோடு இடுக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய், கூட்டத்தின் கடைசியில் நின்றான். தையல் போட்ட உதட்டோடு ருகாயா எல்லாரையும் அணைத்துக்கொண்டு வந்தாள். அவனையும் அணைத்தாள். மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவனுக்கும் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் புது ஷாக் வாங்கினான். பார்ல் ஊருக்கு, அறுபது கிலோமீட்டர், இரண்டு வேன் மாறிப் போய் நாலையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

“கசன்ட் கடை இருக்கிறது பொடிநடையா பத்து நிமிஷம்” என்றாள் ஃபால்டீலா. “அதான் மாப்புக் குடுத்தாச்சே.”

அவன் ஷாக்கை ஒவ்வொன்றாக முற்றத்தில் வரிசையாக வைத்தான்.

“அது அக்காவுக்குக் குடுத்தது. அவன் இன்னும் கேக்கல.”