குரூப் போட்டோவில் ஓரகத்தி முகம்

மூன்று வருடங்களுக்கு முன், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நடந்தது இது. நான் கடலூரில் கணக்கு டீச்சர். என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வருடா வருடம் அதில் செல்போன் கேரம் போட்டி நடத்துவோம். பரிசு ஒன்றும் பிரமாதமில்லை. ஜெயித்தவரின் போட்டோ ஒரு வருடத்துக்கு குரூப்பின் முகப்புப் படமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடமாக அந்த வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் என் ஓரகத்தி. காலையில் போனை எடுத்தால் அவள் முகம். யாராவது காதுகுத்துப் பத்திரிகை அனுப்பினால் அதற்கு மேலேயும் அவள் முகம். எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு மாமியார் வேறு, சின்னவள் எதைத் தொட்டாலும் ஜெயிக்கிறாள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அதுவரை ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே போக வேண்டும். முதல் நாளே வெளியே போனவர்கள் முணுமுணுக்கவே, எல்லோருக்கும் நியாயமாக ஒரு புள்ளி முறை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். கணக்கு டீச்சர் ஆயிற்றே! எழுதினேன். பத்து நாள் போட்டி. ஜெயித்தால் மூன்று புள்ளி, தோற்றாலும் ஒரு புள்ளி. எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டால் போதும். யாரையும் வெளியே அனுப்பாத முறை என்று எல்லோரும் கைதட்டல் படமாக அனுப்பித் தள்ளினார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மாமியாரைக் கண் டாக்டரிடம் யார் அழைத்துப்போவது என்று முடிவு செய்ய, ஓரகத்தி தன் டூட்டி சார்ட்டை எனக்கு அனுப்பியிருந்தாள். அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்த விதியை எழுதினேன். அவளால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆட முடியாது. எனக்கோ பள்ளி விடுமுறை.

குழம்பு அடிபிடிக்க அடிபிடிக்க ஆடினேன். ஆறாம் நாள் நான்தான் முதலிடம். அவள் ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தும் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தாள். முகப்புப் படத்துக்கு எந்தப் புடவையில் போட்டோ எடுப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் குறிஞ்சிப்பாடியில் இருக்கும் சின்ன மாமனார் விழித்துக்கொண்டார். தோற்றாலும் ஒரு புள்ளி என்றால் சீக்கிரமாகத் தோற்பதுதானே லாபம்! ஆட்டம் தொடங்கிய உடனே வெளியே வந்துவிடுவார். ஸ்கிரீன்ஷாட் போடுவார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பத்தாம் நாள் முடிவில் அவர்தான் முதலிடம். ஜெயித்தது மொத்தம் ஒன்பதே ஆட்டம். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கறுப்புக் கண்ணாடியோடு அவர் போட்டோ முகப்பில் ஏறியது.

புத்தாண்டன்று எல்லோரும் சிதம்பரத்தில் கூடினோம். ஓரகத்தி டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என் டூட்டி சார்ட்டப் பாத்துட்டுதான அந்த ரூல போட்டீங்க?"



"ஆமா," என்றேன்.

"சின்ன மாமா ஜெயிச்சதால கேக்குறேன். நீங்க ஜெயிச்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். மனசுலயே வெச்சிக்கிட்டு உங்ககிட்டப் பேசிட்டு இருந்திருப்பேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. நான் ஜெயித்திருந்தால், அவள் காலமெல்லாம் மனதில் அதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள். நானும் அது நிஜச் சிரிப்பு என்றே நம்பியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். விடுங்க என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் புது விதி எழுதினேன். ஆளுக்கு இருபது ஆட்டம்தான், ஒரே ஆளோடு ஒருமுறைதான், தோற்றால் பூஜ்யம். குரூப்பில் போடும் முன் அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். பத்து நாளில் இருபது ஆட்டம் தன்னாலும் முடியும் என்றாள். ஆடினாள், ஜெயித்தாள். அதற்கடுத்த வருடமும் அவளேதான்.

இன்றைக்கும் முகப்பில் அவள் முகம்தான். பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் பள்ளியில் ஏதாவது போட்டிக்கு மதிப்பெண் முறை எழுத உட்காரும்போது, எந்தப் பிள்ளையின் முகமாவது மனதில் வந்து நின்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் எழுதுகிறேன்.