வெள்ளைத்தடிக்கு இந்தப் பக்கம்

கஜந்தினி முழங்காலில் நின்று புல் வெட்டுகிறாள். கத்தரிக்கோலால், ஒரு தடவைக்கு ஒரு பிடிதான். இந்த வேகத்தில் கலியாண வீட்டில் வெங்காயம் வெட்டினால் பந்தி மறுநாள்தான் நடக்கும். ஆனால் முகமாலை வெளியில் மிதிவெடி அகற்றுகிறவளை அவசரப்படுத்த எவனுக்கு வாய் வரும்?

வெட்டி, மண்ணைச் சுரண்டி, ஒன்றுமில்லை என்று கண்டபிறகு வெள்ளைத்தடி ஊன்றுவாள். தடிக்கு இந்தப் பக்கம் புல்லே இராது. பயமில்லாமல் கால் வைக்கலாம். கோயில் வீதியிலும் அவள் புல்லை மிதிக்கமாட்டாள். "புல்லைக் கண்டால் எனக்குக் கால் கூசும்" என்பாள். கூசாதா பின்னே! சொந்தக் காணியில் தேங்காய் பொறுக்கப் போன அவளுடைய அண்ணை ஒற்றைக் காலோடுதான் வீடு வந்தார்.

போன கிழமை, அவள் வெட்டிய புல்லுக்குள்ளிருந்து ஒரு வானம்பாடி எழும்பிப் பறந்தது. நிலத்தோடு ஒட்டிக் கூடு. உள்ளே புள்ளி விழுந்த முட்டைகள். வெடி தேடும் கருவியைக் கிட்டக் கொண்டுபோனதும் அது கத்தியது. கூட்டுக்குக் கீழே மிதிவெடி.

"பாருங்கோவன், வெடிக்கு மேலை இருந்து அடைகாத்திருக்கு. உதுக்கு ஒண்டுமில்லை. எங்கடை அண்ணைக்குத்தான் பாரம் கூடிப்போச்சு" என்று சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

பின்னேரம் அந்த இடத்திலேயே அதை வெடிக்கவைக்க வேண்டும். அதற்குள் அவள் கூட்டுக்குள் கை விட்டுவிட்டாள். மேற்பார்வையாளன் சிவதர்ஷன் பதறிப்போனான்.

"அக்கா, கையை எடுங்கோ! விசரே உங்களுக்கு?"

"சும்மா இரு தம்பி. இதுகளாவது முழுசாய்த் தப்பட்டும்."

முட்டைகளை ஒவ்வொன்றாக விரல்நுனியால் எடுத்தாள். தடிக்கு இந்தப் பக்கம், தன் கையாலேயே துப்புரவாக்கிய மண்ணில் குழி கிண்டி வைத்தாள். அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியாது.

குருவிக்குப் புல்தான் பத்திரம் என்று அந்தப் பாவிக்கு எப்படித் தோன்றும்? தாய்க்குருவி மொட்டை நிலத்தில் இறங்கவேயில்லை. மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வெடித்தபிறகு அந்தச் சத்தத்தையும் காணோம்.

மறுநாள் காலை குழிக்குள் ஓடுகள்தான் கிடந்தன. பக்கத்தில் ஒரு காகம் சொண்டைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் காட்டிக் குடுத்தனான்" என்றாள் கஜந்தினி.

முழங்காலில் நின்று வேலையைத் தொடங்கினாள். அன்று வெட்டிய முதல் பிடிப் புல்லை எறியாமல் கொண்டுவந்து, தடிக்கு இந்தப் பக்கம் கிடந்த அந்தக் குழியை மூடினாள்.