வலை அடுக்கத் தெரியாத பயங்கரவாதிகள்

கடலோரப் போலீஸில் எஸ்.ஐ.யாக ரிட்டையர் ஆனவன் நான். உப்பளம் பகுதியில் ஒரு தையல்காரர் வீட்டுப் பிள்ளை. சேர்ந்த புதிதில், "பாய், கடலுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுக் கேட்டே என்னை நோகடித்தார்கள். பிற்பாடு நானும் அதே வேலையைச் செய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பெண் தேன்மொழி எங்கள் ஸ்டேஷனுக்குக் கான்ஸ்டபிளாக வந்தாள். ரோந்துப் படகில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். அதுவரை எங்கள் படகில் பெண்கள் யாரும் கிடையாது. "படகுப் பணிக்குச் சரிப்பட மாட்டார், வயர்லெஸ் ரூமுக்கு மாற்றலாம்" என்று நோட் எழுதி ரைட்டரிடம் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, "நாளைக்கு மாக் டிரில்லுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க பாய். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

மாக் டிரில் என்றால், நம் ஆட்களே பயங்கரவாதி வேஷத்தில் கடல் வழியாக ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள். நாம் மடக்க வேண்டும். அதற்கு முந்தின இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தோம்.

காலையில் மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கரை திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. தேன்மொழி ஒரு நீலப் படகைக் காட்டினாள்.

"சார், அதை நிறுத்துங்க."

"ஏம்மா? லுங்கி, வலை எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"வலையோட மிதவையும் ஈயக்குண்டும் ஒண்ணாக் குவிஞ்சு கெடக்குது பாருங்க. வலையை இழுக்கும்போதே ஒருத்தர் மிதவைப் பக்கம், ஒருத்தர் ஈயப் பக்கம்னு தனித்தனியாப் போடுவோம். இவங்க வலையே விடல சார்."

மடக்கினோம். வலைக்கு அடியில் டம்மித் துப்பாக்கிகள். பயங்கரவாதி வேஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதிகாரி அசடு வழிய, "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார். இவள் அந்தப் படகுக்குத் தாவி, "கொஞ்சம் நகருங்க சார்" என்று வலையைப் பிரித்து அடுக்கிக் காட்டவே ஆரம்பித்துவிட்டாள். இரண்டு படகிலும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமான டியூட்டி என் சர்வீஸில் வேறு இல்லை.

அன்றே அவளுக்குப் படகு டியூட்டி போட்டார் இன்ஸ்பெக்டர். எனக்கு மனசு உறுத்தியது. தனியாகக் கூப்பிட்டு, "உன்னை வேணாம்னு எழுதினது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். ரைட்டர் அதை என்கிட்டதான் டைப் அடிக்கக் குடுத்தாரு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன்தான். அதனால்தான் புதிதாக வரும் எஸ்.ஐ.களுக்கு இதைச் சொல்கிறேன்: யாரைப் பற்றி நோட் எழுதுவதானாலும், ஒரு நாளாவது அவர்களோடு டியூட்டி பார்த்துவிட்டு எழுதுங்கள்.