மூன்றாவது புகார்

காட்டைப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பதினான்கு வருடமாகச் சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்ததும் புலி எங்கே என்றுதான் கேட்பார்கள், ஏதோ நான் வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வந்த மாதிரி. என் வண்டியில் வழிகாட்டியாக வருகிறவனை எல்லோரும் 'காது' என்று கூப்பிடுவோம். மான் அலறினால் எங்களுக்கெல்லாம் முன்னால் அவனுக்குக் கேட்டுவிடும். அவனையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. யானைக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தேன் என்று ரேஞ்சரிடம் போட்டுக்கொடுத்து, ஒரு மாதம் என்னை வண்டி எடுக்கவிடாமல் செய்தவன்.

வாயிலில் ஒரு பார்வையாளர் புத்தகம் இருக்கிறது. சுற்றிவிட்டு வருகிறவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதலாம். ஒரு வழிகாட்டியின் மேல் மூன்று புகார் சேர்ந்தால் வேலை போய்விடும். காதின் மேல் ஏற்கெனவே இரண்டு. புலியைக் காட்டவில்லை என்று ஒரு புண்ணியவான் எழுதினார். போனில் பாட்டை நிறுத்தச் சொன்னான் என்று இன்னொருவர்.

காதுக்கு ஓர் அண்ணன் உண்டு. நகரத்தில் கதவு, ஜன்னல் விற்கும் கடை, மூன்று மாடி வீடு. அது போதாதென்று அப்பா விட்டுப்போன வீட்டையும் விற்கத் துடித்துக்கொண்டிருந்தார். அது இரண்டே அறை. அதில்தான் காதும் அவன் மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். தையல் மெஷினை ஒதுக்கி வைத்தால்தான் பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்க முடியும். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் காதின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. அண்ணன் தேடி வரும்போதெல்லாம் இவன் எங்கேயாவது நழுவிவிடுவான். ஆறு வருடமாக இதே கூத்துதான்.

ஒருநாள் அந்த மனிதர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வரிசையில் நின்றவர் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு எங்கள் வண்டியில் ஏறினார். மூன்று மணி நேரம் வழிகாட்டி வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, வந்தவர்களிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும். எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் வீட்டைப் பற்றியே பேசினார். அவர் 'என் பங்கு' என்றபோது, வலது பக்கம் பாருங்க, காட்டெருமை என்றான் காது. கோர்ட்டுக்குப் போவேன் என்றபோது, அது மரங்கொத்தி என்றான். பின்சீட்டில் இருந்த புதுமணத் தம்பதிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

ஓடை வளைவில் ஒரு பெண்யானை குட்டியோடு பாதையில் நின்றது. நான் எஞ்சினை அணைத்தேன். அந்த மாதிரி நேரத்தில் மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து வீட்டை விற்பதற்கான பத்திரத்தை எடுத்துக் காதின் முழங்காலில் விரித்துப் பேனாவை நீட்டினார். காது யானையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"அப்பா சொத்துல நீ மட்டும் உட்கார்ந்து அனுபவிப்பியாடா?" என்று கத்திவிட்டார்.

யானை எங்களை நோக்கி வேகமாக நான்கடி வைத்தது. காது அண்ணன் வாயைப் பொத்தி, சீட்டுக்குக் கீழே அமுக்கிப் பிடித்தான். யானை நின்றது. மண்ணை வாரி இறைத்துவிட்டுக் குட்டியைத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போனது. நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

வாயிலுக்கு வந்ததும் அண்ணன் நேராகப் பார்வையாளர் புத்தகத்தை நோக்கிப் போனார். 'வழிகாட்டி என்னை அடித்தார்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். பச்சைப் பொய். ஹாரன் விவகாரத்தையெல்லாம் மறந்து, சாட்சி சொல்லப் பக்கத்திலேயே இருந்த ரேஞ்சர் அறைக்கு நடந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலிலேயே காத்து நின்றேன்.

அண்ணன் புத்தகத்தின் மேல் பத்திரத்தை வைத்துத் தணிந்த குரலில் சொன்னார். "கையெழுத்துப் போடு. இந்தப் பக்கத்த நானே கிழிச்சிடறேன்."

காது பத்திரத்தை நகர்த்திவிட்டுப் புகாரை நிதானமாகப் படித்தான். "நான் அடிக்கலையே."

"யாரு நம்புவா?"

காது ஓங்கி ஓர் அறை விட்டான். ரேஞ்சர் போனும் கையுமாக வெளியே ஓடி வந்தார். காது பேனாவை எடுத்தான். அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பத்திரத்தை அவன் பக்கம் தள்ளினார். அப்போதும் அந்த ஆசை விடவில்லை பாருங்கள். காது புகாருக்குக் கீழே 'உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வீடுவரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். சாட்சி சொல்லத்தானே முட்டாளே அங்கே நின்றேன் என்றேன்.

"தெரியும்" என்றான். "நீ சொல்லியிருந்தா வேலை தப்பிச்சிருக்கும். அப்புறம் அவனை அடிக்க முடியாம போயிருக்கும்."