திருநாமம் இருந்த இடம்

அலிஸா பகலில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். சாயங்காலம், இஸ்ரேலின் மலையூரான சஃபேத்தில், தன் சந்து வீட்டில் சாப்பாட்டு மேசையை ஓரங்கட்டிவிட்டுப் படம் வரைவாள். எத்தனையோ வருடமாக வரைந்தும், ஊர் ஓவியக்கூடம் இப்போதுதான் மனசு வைத்து அவளுக்கு ஒரு சுவர் ஒதுக்கியது. அதற்காக அவள் எடுத்துக்கொண்டது, அம்மா மொராக்கோவிலிருந்து கொண்டுவந்த தாயத்துத் தாளை. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் மாட்டுகிற தாள்; அலிஸா பிறந்தபோதும் மாட்டியது. அதிலிருந்த எபிரேய எழுத்துகளை ஆளுயரத் துணியில் நெருக்கியடித்து வரைந்து தள்ளினாள்.

முடித்துவிட்டுப் பார்த்தால் படம் மூச்சு முட்டியது. மூலை முடுக்கெல்லாம் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அன்று வியாழன். மேலே வெள்ளை பூசிவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று தூரிகையை நனைத்தாள். அந்த நேரம் பார்த்து, சப்பாத் ஓய்வுநாளுக்கான ரொட்டியோடு அண்ணன் ஹனானியா வந்து நின்றான். வேதம் படிக்கும் மண்டபமே கதி என்று கிடப்பவன். தங்கையின் படங்களை ஏறிட்டும் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். பார்த்த வேகத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பூசாதடி. நடுவுல நீ என்ன எழுதியிருக்கேன்னு பாத்தியா?"

நான்கு எழுத்து. யாரும் வாய்விட்டு உச்சரிக்காத கடவுளின் திருநாமம், முழுசாக. தாளைப் பார்த்து வெறும் வடிவமாக இறக்கியவள், படிக்கவே இல்லை. எழுதியாகிவிட்டால் அழிக்கக் கூடாது. மேலே பூசினாலும் அழித்ததுதான். சஃபேத்தில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த சட்டம் அது.

"படிக்காமலே எழுதற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நீ என் படத்தைப் பாத்தியே, அது அதைவிட அதிசயம்."

அவள் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் தூரிகை பிடித்த கை எழவில்லை. கிடைத்த ஒரே சுவரும் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்தை மட்டும் எழுத்து சிதையாமல் வெட்டியெடுத்து, கல்லறையில் மரியாதையாகப் புதைத்தால் போதும், மீதி அவளுடையதுதான் என்றான் ஹனானியா. சொல்லிவிட்டு, படம் பாழாகிவிடுமே என்று அவனே வருத்தப்பட்டான். அவன் அப்படி வருத்தப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

அலிஸாவே வெட்டினாள். அவன் அந்தத் துண்டைச் சுத்தமான துணியில் சுற்றி, கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனான். அவன் போனதும் ஆசை தீர அழுதாள். பிறகு, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று படத்தைத் தூக்கி ஜன்னலோரம் சாத்தினாள். ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்தது. இடித்துக்கொண்டு நின்ற எழுத்துகளெல்லாம் ஒளியைச் சுற்றி விலகி நிற்பதுபோல் தெரிந்தன. படம் மூச்சுவிட்டது. அதற்குமேல் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓவியக்கூடத்தில் சுவரை ஒட்டாமல், வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி கம்பியில் தொங்கவிட்டாள். ஹனானியா வந்திருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். ஹைஃபா நகரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், படம் கிழிந்திருக்கிறதே என்று கேட்டாள். அலிஸா வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"கிழியலம்மா. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடி எங்க பாத்தாலும் கடவுள்தான் இருந்தார். நமக்கும் எடம் வேணுமேன்னு கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டார். நான் காலமெல்லாம் படிக்கறது இதைத்தான். கண்ணால பாத்தது இங்கதான். வரைஞ்சது என் தங்கச்சி."