ஜோடிக்கு ஒரு முட்டி

தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, தோட்டத்து ஒற்றையறை வரிசை வீடான லயத்துக்கு வந்தால், இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் மனோரஞ்சிதம் குருவிகளுக்குத் தண்ணீர் மாற்றவேண்டும். ஹட்டனில் ஃபின்ச் குருவிகளை ஆசையாய் வாங்கி வந்தவன் அவள் கணவன் தரணிதரன். கூண்டு கழுவுவது இவள்.

வரி போட்டது, வெள்ளை, பழுப்பு என்று எல்லாம் ஒரே கூண்டில் கிடந்தன. கல்யாணமான நாள் முதல் கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே காம்பிரா அறையில் இடிபடுகிறவளுக்கு அது பொறுக்கவில்லை. ஜோடிக்கு ஒரு மண்முட்டி கட்டித் தொங்கவிட்டு, உள்ளே தேங்காய்த்தும்பும் வைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் அத்தனை குருவியும் ஒரே முட்டிக்குள் நெருக்கியடித்துப் புகுந்தன.

"தனித்தனியா வீடு குடுத்தும் லயத்துப் புத்தி போகுதா பாருங்க!" என்று எரிந்து விழுந்தாள்.

"குளுருதுல்ல, அதுக என்னா செய்யும்?" என்றான் தரணிதரன்.

கூண்டை மூடச் சாக்கை எடுத்தாள். காம்பிராவுக்குள் கொழுந்தன் பிள்ளைகள் பாய்க்கு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. காலியாய்த் தொங்கிய முட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒன்று ஆள் படுக்கிற அளவுக்கு இருந்திருந்தால், குளிர்ந்தால் குளிரட்டும் என்று ஏறிப் படுத்திருப்பாள்.